‘பிளெத்தரா’ என்றால் வெறும் ‘நிறைய’ தானா?

வாசகர் கேள்வி - பதில்: ஆங்கிலச் சொற்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன. அளவுக்கு மிஞ்சியதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் சொல்வது, எது எங்கே பொருந்தும் என்பதே அவற்றின் சாரம். ஆகவே பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஆங்கிலச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே தருகிறோம்.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ ஹேவ் அ பிளெத்தரா ஒவ் ஃபிரெண்ட்ஸ்’ என்று எழுதினேன். ரீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். அகராதியில் ‘பெருந்தொகை’ என்றுதான் இருக்கிறது. எங்கே பிழை?
(உயர்தர மாணவி, ஏறாவூர்)

இலக்கணத்தில் பிழையில்லை. நீங்கள் சொல்ல வந்தது மகிழ்ச்சி. சொல்லில் ஒட்டியிருப்பது முறைப்பாடு. அதனால்தான் ரீச்சர் சுழித்திருக்கிறார்.

‘பிளெத்தரா’ என்பது ‘தேவைக்கு மேலே போய்விட்ட தொகை’. நண்பர்கள் தேவைக்கு மேலே போய்விட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. இப்படிச் சோதித்துப் பாருங்கள்: நீங்கள் பேசும் பொருளில் பாதியை எடுத்துவிட்டால் நிலைமை கெடுமா, இலேசாகுமா? கெடுமென்றால் ‘மெனி’, ‘பிளென்ரி ஒவ்’, ‘அபண்டன்ஸ்’ ஆகியவற்றில் ஒன்றை எழுதுங்கள். இலேசாகுமென்றால், அல்லது குறைந்ததே தெரியாதென்றால், ‘பிளெத்தரா’ பொருந்தும். ஒரு காணி உறுதியை மாற்றுவதற்கு நிரப்பவேண்டிய படிவங்கள், தொலைபேசிக்கு நாள் முழுக்க வரும் விளம்பரக் குறுஞ்செய்திகள், ஒரே பாடத்துக்கு ஒரே தெருவில் நடக்கும் ரியூசன் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் சரியாக வரும்.

அகராதியையும் குறை சொல்ல முடியாது. பெரிய ஆங்கில அகராதிகள் ‘மிகுதொகை’, ‘மிதமிஞ்சிய தொகை’ என்ற இரண்டு பொருளையும் தருகின்றன. இன்றைய பத்திரிகை ஆங்கிலத்தில் முதற்பொருளிலும் தாராளமாக வருகிறது. ஆனால் கவனமாக வாசிக்கிறவர் காதில் இரண்டாவது பொருள் இன்னும் ஒலிக்கும். வினாத்தாளைத் திருத்துகிறவர் அப்படிக் கவனமாக வாசிக்கிறவராகவே இருப்பார். பரீட்சையில் ‘மெனி’ என்று எழுதினால் புள்ளி குறையாது. பொருந்தாத பெரிய சொல்லை எழுதினால் குறையும்.

கேள்வி: இந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது? சிலர் ‘பிளிதோரா’ என்கிறார்கள்.
(ஆரம்பப் பிரிவு ஆசிரியர், களுவாஞ்சிக்குடி)

மூன்று அசை: பிளெ, த, ரா. அழுத்தம் முதல் அசையில். நடுவிலுள்ள ‘ஓ’ எழுத்து ஓகாரமாக ஒலிக்காது. தேய்ந்து, கேட்டும் கேட்காத ஓர் அகரமாகிவிடும். கடைசி ஆகாரத்தையும் நீட்டவேண்டாம். ‘பிளிதோரா’ என்ற பிழை எழுத்தைப் பார்த்து வாசிப்பதால் வருவது.

நடுவிலுள்ள தகரத்துக்கு நாக்கு நுனியை மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் மெல்ல வைத்துக் காற்றை விடவேண்டும். ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலிதான் அது. எழுத்துக்கள் எட்டு: பி, எல், ஈ, ரி, எச், ஓ, ஆர், ஏ. பிள்ளைகள் ‘ஓ’ வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ போடுவார்கள். ‘பிளெதோரிக்’ என்ற பெயரடையை ஒருமுறை சொல்லிக் காட்டினால் அந்தப் பிழை நின்றுவிடும். அதில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது அசைக்கு நகர்வதால் மறைந்திருந்த ஓகாரம் வெளியே கேட்கும்.

கேள்வி: தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். குழந்தைகள் வாட்டில் ஒரு குறிப்பில் ‘பேபி லுக்ஸ் பிளெதோரிக்’ என்று இருந்தது. எக்ஸ்ரே அறிக்கையொன்றில் ‘பல்மனறி பிளெத்தரா’ என்று பார்த்தேன். ‘நிறைய’ என்ற சொல் வைத்தியசாலைக்குள் எப்படி வந்தது?
(மாணவத் தாதி, கல்முனை)

வரவில்லை, அங்கேதான் பிறந்தது. வெளியே போனது பிற்பாடு.

கிரேக்கத்தில் ‘பிளெதோரே’ என்றால் நிறைவு. ‘நிறைந்திரு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். கிரேக்க வைத்தியர் அதை உடலில், சிறப்பாக நாளங்களில் (குருதியை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களில்), குருதி மிகுந்து நிற்கும் நிலைக்குப் பெயராக்கினார்கள். கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த எரசிஸ்திராத்தஸ் பல நோய்களுக்கு இதையே காரணமாகச் சொன்னார். நாடிகளில் (இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்களில்) குருதியல்ல, உயிர்க்காற்றே ஓடுகிறது என்பது அவர் கொள்கை. நாளம் மிதமிஞ்சி நிறைந்தால் குருதி நாடிக்குள் வழியும். அதனால் அழற்சியும் காய்ச்சலும் உண்டாகும் என்று விளக்கினார். அவர் கொடுத்த சிகிச்சை பட்டினி. சாப்பாட்டைக் குறைத்தால் குருதி தானாகக் குறையும் என்பது கணக்கு.

நாலரை நூற்றாண்டுக்குப் பிறகு, இன்றைய துருக்கியிலுள்ள பேர்கமத்தில் பிறந்த கேலன் வந்தார். மிகுதிதான் நோய் என்பதை ஏற்றுக்கொண்டு, பட்டினியை மறுத்தார். நாளத்தைக் கீறிக் குருதியை வெளியேற்றுவதே வழி என்று அவர் எரசிஸ்திராத்தஸுக்கு எதிராக எழுதினார். கேலனுடைய சொல்லுக்கு ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மறுபேச்சு இருக்கவில்லை. ஆகவே ‘பிளெத்தரா’ என்ற நோய்ப்பெயரும் குருதி வடிக்கும் கத்தியும் ஒன்றாகவே பயணம் செய்தன. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இது முழு வைத்தியச் சொல். பொருட்கள், புத்தகங்கள், பேச்சுக்கள் மிஞ்சுவதற்கு இதை எடுத்தாண்டது 1700ஐ ஒட்டித்தான்.

நமக்கு இந்த எண்ணம் அந்நியமல்ல. மருந்து அதிகாரத்தின் முதற்குறள், வளி முதலாக எண்ணிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் செய்யும் என்கிறது. கிரேக்கர் எண்ணியவை நான்கு: குருதி, சளி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம். எண்ணிக்கைதான் வேறு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். குறள் மிகுதியையும் குறைவையும் ஒரே தட்டில் வைக்கிறது. குருதி வடித்தவர்களோ மிகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஏற்கனவே குறைந்திருந்தவர்களிடமிருந்தும் எடுத்தார்கள். 1835இல் பாரிசில் பியேர் லூயி என்ற வைத்தியர், நியூமோனியா வந்த 77 நோயாளிகளின் குறிப்புகளை எண்ணிக் கணக்கிட்டு, குருதி வடிப்பதால் நம்பப்பட்ட அளவுக்குப் பயனில்லை என்று காட்டினார். அதன் பிறகே அந்தப் பழக்கம் படிப்படியாகத் தளர்ந்தது.

இன்றைக்கு வாட்டில் நீங்கள் காணக்கூடிய இடங்கள் மூன்று. பிறந்த குழந்தை ‘பிளெதோரிக்’ என்றால் தோல் கடுஞ்சிவப்பாகத் தெரிகிறது என்று பொருள். செங்குழியங்கள் மிகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. நாளக் குருதியில் ஹீமற்றோகிறிற் (குருதியில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு) 65 வீதத்துக்கு மேலே இருந்தால்தான் ‘பொலிசைதீமியா’, அதாவது செங்குழிய மிகுதி, என்று உறுதிசெய்வார்கள். நீரிழிவுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை, கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தை, ஒரே சூல்வித்தகத்தைப் பகிர்ந்த இரட்டையரில் ஒன்று ஆகியவற்றில் இது கூடுதலாகக் காணப்படும். குதிக்காலில் குத்தி எடுத்த குருதி உண்மையை விடக் கூடுதலான எண்ணைக் காட்டும் என்பதால்தான் நாளத்திலிருந்து எடுத்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, வளர்ந்தவர்களின் முகச்சிவப்பு. கோட்டிசோல் என்ற ஹோர்மோன் மிகும் குஷிங் நோயில் ‘ஃபேஷியல் பிளெத்தரா’ என்று எழுதுவார்கள். மூன்றாவது, நீங்கள் பார்த்த ‘பல்மனறி பிளெத்தரா’. இதயத்தின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையிலுள்ள சுவரில் துவாரமிருந்தால் குருதி இடமிருந்து வலத்துக்கு ஒழுகி, மறுபடியும் நுரையீரலுக்கே போகும். நுரையீரல் நாடிகள் தடித்து எக்ஸ்ரேயில் தெரியும். எதிர்நிலைக்கு ‘ஒலிகீமியா’ என்று பெயர்.

இந்த மூன்றிலும் ‘பிளெத்தரா’ ஒரு தோற்றக் குறிப்பு. அது நோயின் பெயரல்ல. பெற்றோருக்கு விளக்கும்போது “பிள்ளைக்குப் பிளெத்தரா என்ற வருத்தம்” என்று சொல்லிவிடாதீர்கள். “தோல் கூடுதலாகச் சிவந்திருக்கிறது, ஏன் என்று பார்க்கிறார்கள்” என்பதே சரி.

குருதி வடிப்பு முற்றாக மறைந்துவிடவும் இல்லை. செங்குழியங்கள் மிதமிஞ்சி உண்டாகும் ‘பொலிசைதீமியா வேரா’ நோயில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 450 மில்லிலீற்றர் எடுத்து, ஹீமற்றோகிறிற்றை 45 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். உடலில் இரும்பு மிகும் ஹீமோகுரோமற்றோசிஸ் நோய்க்கும் இதுவே முக்கிய சிகிச்சை. உண்மையான மிகுதி எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு செய்வதால் இது பழையதிலிருந்து வேறுபடுகிறது.

கேள்வி: ‘அ பிளெத்தரா ஒவ் றூல்ஸ்’ என்ற எழுவாய்க்குப் பின்னால் ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா?
(பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்)

‘த பிளெத்தரா’ என்று தொடங்கினால் எப்போதும் ஒருமை. அங்கே பேசப்படுவது மிகுதி என்ற அந்த ஒன்றே.

‘அ பிளெத்தரா ஒவ்’ என்று தொடங்கி, பின்னால் பன்மைப் பெயர் வந்தால் இரண்டு வழக்கும் உண்டு. ‘அ நம்பர் ஒவ்’, ‘அ லொட் ஒவ்’ போலப் பன்மை வினையே காதுக்கு இயல்பாக இருக்கிறது. ஆனால் சொல்லின் வடிவத்தை மட்டும் பார்க்கும் ஆசிரியர்கள் ஒருமையைத்தான் ஏற்பார்கள். ஆய்வுக்கட்டுரையில் இந்த வழக்குக்குள் போகாமல் தப்ப எளிய வழி, சொல்லை எழுவாய் இடத்திலிருந்து எடுத்துவிடுவது. ‘ஃபார்மர்ஸ் ஃபேஸ் அ பிளெத்தரா ஒவ் றூல்ஸ்’ என்றால் வினை விவசாயிகளோடு போகிறது; பிரச்சினையே இல்லை.

எண்ணக்கூடிய பெயர்களோடுதான் இது நன்றாக ஒட்டும்: றூல்ஸ், ஒப்ஷன்ஸ், றிப்போர்ட்ஸ். ‘பிளெத்தரா ஒவ் வோட்டர்’ என்று எழுதாதீர்கள். தண்ணீருக்கு ‘எக்ஸஸ்’ போதும். ‘டூ மச் பிளெத்தரா’, ‘வெரி பிளெத்தரா’ இரண்டும் பிழை. மிகுதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மேலே இன்னொன்றை ஏற்றத் தேவையில்லை.

கேள்வி: ‘மிறியட்’ என்பதற்குப் பின்னால் ‘ஒவ்’ போடலாமா?
(அதே வாசகர்)

போடலாம். கிரேக்கத்தில் அது 10,000 என்ற எண். ஆங்கிலத்தில் முதலில் பெயராகத்தான் வந்தது. பெயரடையாக ‘மிறியட் ஸ்டார்ஸ்’ என்று எழுதியது பிந்திய வழக்கு. இரண்டும் சரி. இதில் முறைப்பாடு எதுவும் இல்லை, எண்ண முடியாமை மட்டும்தான்.

கேள்வி: பெரும்போக அறுவடையின்போது ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பெடி குளட்’ என்று எழுதுகின்றன. வேறு வேளைகளில் ‘பெடி சேர்பிளஸ்’ என்கின்றன. இரண்டும் ஒன்றா? விலை மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.
(விவசாயி, சம்மாந்துறை)

ஒன்றல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உங்கள் பையிலிருக்கும் காசுக்கு நேரடியாகப் பயன்படும்.

‘சேர்பிளஸ்’ என்பது கழித்தல் கணக்கின் விடை. விளைந்ததில் விதைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்தது போக மிஞ்சியது. அது களஞ்சியத்தில் சும்மா இருக்கலாம், நல்ல விலைக்கும் போகலாம். சொல்லில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ‘குளட்’ அப்படியல்ல. இலத்தீனில் ‘குளுற்றிரே’ என்றால் விழுங்கு. பெருந்தீனிக்காரரைச் சொல்லும் ‘குளற்றன்’, விழுங்குதலைக் குறிக்கும் வைத்தியச் சொல்லான ‘டிகுளுட்டிஷன்’ எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. சந்தை விழுங்க முடியாமல் தொண்டையில் நிற்பதுதான் ‘குளட்’. ஆகவே அது எவ்வளவு விளைந்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு வேகமாகச் சந்தைக்கு வந்தது, சந்தையின் தொண்டை எவ்வளவு அகலம் என்பவற்றையும் பொறுத்தது. வருட முடிவில் நாட்டுக்கே அரிசி போதாமல் இருக்கலாம். அதே வருடத்தின் அறுவடை மாதத்தில் ‘குளட்’ இருக்கலாம். இதில் முரண்பாடு இல்லை.

நமது மாவட்டங்களில் தொண்டை ஒடுங்குமிடம் எது என்று பாருங்கள். முன்பு கையால் வெட்டி, சூடு வைத்து, பிறகு சூடடித்தபோது நெல் வாரக்கணக்கில் பரவி வந்தது. இப்போது வெட்டு மெஷின் ஒரு வட்டையை (வயற்பரப்பை) ஓரிரு நாளில் முடித்துவிடுகிறது. பக்கத்து வட்டைகளும் அதே வாரம். மெஷினிலிருந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேலே இருப்பது சாதாரணம். பாதுகாப்பாகச் சேமிக்க 14 வீதம் வேண்டும். காயவைக்கத் தளமில்லை, மழை முகில் இருக்கிறது, உரக்கடைக்கும் மெஷின்காரருக்கும் காசு கொடுக்கவேண்டும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும், முளைக்கும். ஆகவே எல்லோரும் அதே வாரத்தில், வயல் வரம்பிலேயே விற்கிறார்கள். சோறு இரண்டு மடங்கு மலிவானாலும் ஒருவர் இரண்டு மடங்கு சாப்பிடமாட்டார் என்பதால், வரத்துச் சற்றுக் கூடினாலே விலை பல மடங்கு வேகத்தில் விழும்.

எண்ணெயிலும் இதையே உலகம் கண்டது. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க மசகு எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, பீப்பாவுக்கு மறை 37.63 டொலரில் முடிந்தது. கொரோனாக் காலத்தில் பாவனை விழுந்ததோடு, எண்ணெயை ஒப்படைக்கும் இடமான ஒக்லகோமாவின் குஷிங் நகரில் தாங்கிகளில் இடம் தீர்ந்துகொண்டிருந்ததே காரணம். வைக்க இடமில்லாதபோது பண்டமே சுமையாகிவிடுகிறது.

‘குளட்’ ஒரு தனிப் பண்டத்துக்கு வருமா, எல்லாப் பண்டங்களுக்கும் ஒருசேர வருமா என்று 1820ஐ ஒட்டிப் பொருளியலாளர்களான மல்தஸ் ஒரு பக்கமும் றிக்காடோ, சேய் ஆகியோர் மறுபக்கமும் நின்று வாதாடினார்கள். தனிப் பண்டத்துக்கு வரும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையில்லை. நெல் அப்படிப்பட்ட தனிப் பண்டம்.

உங்களுக்கு வேண்டிய கணக்கு இதுதான். 22 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 78ஐ 0.86ஆல் வகுக்கவேண்டும்: 90.7 கிலோ கிடைக்கும். 20 வீதத்தில் தொடங்கினால் 93 கிலோ, 18 வீதத்தில் தொடங்கினால் 95.3 கிலோ. அதாவது 22 வீத ஈர நெல்லுக்கு, காய்ந்த நெல் விலையில் ஏறத்தாழ 91 வீதத்திலிருந்து காயவைக்கும் கூலியைக் கழித்தால் வருவதே நியாயமான விலை. அதற்குக் கீழே எவ்வளவு கேட்கிறார்களோ, அவ்வளவும் ‘குளட்’ உங்களிடமிருந்து எடுப்பது. ஒரு மூடைக்கு ஐந்து கிலோ கழிவு என்று கண்மதிப்பில் சொன்னால், ஈரமானியில் அளந்து காட்டும்படி கேளுங்கள்.

காயவைக்க முடிந்தவர்கள் 2 முதல் 4 சென்ரிமீற்றர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, அரை மணிக்கொரு தடவை புரட்டவேண்டும். தார் றோட்டில் உச்சி வெயிலில் மிக மெல்லியதாகப் பரப்பினால் மணி வெடித்து, குற்றும்போது குறுணல் கூடும். காய்ந்த நெல்லைச் சில வாரம் வைத்திருக்கக்கூடியவருக்கு மிச்சநெல் ‘சேர்பிளஸ்’. வைத்திருக்க முடியாதவருக்கு அதே நெல் ‘குளட்’.

கேள்வி: ‘சேஃபிட்’ என்ற சொல்லும் இதே பொருள்தானே? எங்கே பயன்படுத்துவது?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், திருக்கோவில்)

‘பிளெத்தரா’ பொருளின் பக்கம் நின்று எண்ணுகிறது; ‘சேஃபிட்’ அனுபவித்தவரின் பக்கம் நின்று பேசுகிறது. அழுத்தம் முதல் அசையில். இரண்டாவது அசை ‘ஃபிட்’ என்று குறுகி ஒலிக்கும். பழைய பிரெஞ்சில் ‘மேலே’ என்ற பொருளுள்ள ‘சுர்’ என்பதும் ‘செய்’ என்பதும் சேர்ந்து, ‘அளவு மீறிச் செய்தது’ என்று பொருள் தந்தது. ஆங்கிலத்தில் முக்கியமாகச் சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டது. அதிகம் தின்றதால் வரும் நோய்க்கும் ஒரு காலத்தில் இதுவே பெயர்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135இல் நோர்மண்டியில் இறந்தார். வைத்தியர் தடுத்தும் ‘லாம்பிரே’ மீனைச் சாப்பிட்டதே காரணம் என்று அவர் காலத்து வரலாற்றாசிரியரான ஹன்டிங்டன் ஹென்றி எழுதிவைத்தார். ‘அ சேஃபிட் ஒவ் லாம்பிரேஸ்’ என்ற தொடரை அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். லாம்பிரே பார்வைக்கு விலாங்கு போல இருக்கும். ஆனால் தாடையே இல்லாத, வட்ட வாயால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வேறு இனம்.

தமிழில் ‘தெவிட்டுதல்’, ‘திகட்டுதல்’ என்பவை இதற்கு மிக நெருக்கம். முதற்கரண்டி வட்டிலப்பம் இனிக்கும், நாலாவது கரண்டி திகட்டும். அந்த நாலாவது கரண்டிதான் ‘சேஃபிட்’. அறிவுரை, மேடைப்பேச்சு, வாழ்த்துப்பா போன்றவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நெல்லுக்கும் எண்ணெய்க்கும் வேண்டாம். அவை யாருக்கும் திகட்டுவதில்லை.

கேள்வி: உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது என்பதை ஆங்கிலச் செய்தியில் ‘ஸ்பில்’ என்கிறார்கள். வழிதல், பெருக்கு என்பவற்றிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள் வேறு உண்டா?
(வாசகர், ஆயித்தியமலை)

உண்டு, அதுவும் எதிர்பாராத இடங்களில்.

இலத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. கரையைத் தாண்டி அலை வழிவதிலிருந்து ‘அபண்டன்ஸ்’ வந்தது. நிலத்துக்குள் அலை ஏறுவது ‘இனண்டேட்’. 2011 ஜனவரியில் நமது இரு மாவட்டங்களையும் வெள்ளம் மூடியபோது ஆங்கிலச் செய்திகளுக்குத் தேவைப்பட்ட சொல் அது. வழிந்து திரும்பும் அலை ‘றிடண்டன்ற்’. முதலில் வழிந்தது, பிறகு மிகையானது, கடைசியில் பிரித்தானிய அலுவலக மொழியில் ஆட்குறைப்பில் வேலையிழந்தவர் என்று பொருள் இறங்கிவந்திருக்கிறது. இவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ‘சரவுண்ட்’. அதற்கும் ‘றவுண்ட்’ என்ற வட்டத்துக்கும் பிறப்பில் உறவில்லை. ‘சுப்பருண்டாரே’, அதாவது மேலே வழிந்தோடு, என்பதே மூலம். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘வெள்ளம் மூடு’ என்றுதான் பொருள். ‘றவுண்ட்’ என்ற சொல்லின் சாயல் பட்டு, பிறகு ‘சூழ்ந்திரு’ என்று மாறியது.

‘ஃபுளுவெரே’ என்றால் ஓடு. மேலால் ஓடிப்போவது ‘சுப்பேர்ஃபுளுவஸ்’, தேவையற்றது; அழுத்தம் இரண்டாவது அசையில். செல்வம் ஒருவரை நோக்கி ஓடிவந்தால் அவர் ‘அஃபுளுவன்ற்’. இதை ‘எஃபுளுவன்ற்’ என்பதோடு கலந்துவிடாதீர்கள். ஆலையிலிருந்து வெளியே விடும் கழிவுநீர் அது. ஒரெழுத்து மாறினால், ஆற்றுக்குள் செல்வந்தரைத் திறந்துவிட்டதாகக் கடிதம் எழுதிவிடுவோம்.

கேள்வி: அபிவிருத்தி அறிக்கைகளைத் தமிழாக்குகிறேன். ‘பிளெத்தரா’ வரும் இடமெல்லாம் ‘ஏராளமான’ என்று போடுகிறேன். போதுமா?
(மொழிபெயர்ப்பாளர், காத்தான்குடி)

போதாது. ‘ஏராளமான’ மகிழ்ச்சியாக ஒலிக்கிறது. மூலத்திலுள்ள சலிப்புப் போய்விடும். ‘அ பிளெத்தரா ஒவ் கமிற்றீஸ்’ என்றால் ‘தேவைக்கு மேற்பட்ட குழுக்கள்’ என்றோ, ‘குழுக்களின் பெருக்கம்’ என்றோ எழுதுங்கள். மூலம் வெறும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறதென்றால் ‘பல’ என்பதே போதும்.

மற்றவற்றுக்கு எங்கள் தெரிவைச் சொல்கிறோம். ‘சேர்பிளஸ்’ கணக்கில் ‘மிகை’, பண்டத்தில் ‘உபரி’. ‘குளட்’ என்பதற்குச் ‘சந்தைத் தேக்கம்’. ‘மிகை உற்பத்தி’ என்று எழுதினால் காரணத்தை நாமே தீர்மானித்ததாகிவிடும். ‘சேஃபிட்’ வந்தால் வினையாக்கி ‘திகட்டிப்போயிற்று’ என்று எழுதுங்கள். பெயர்ச்சொல்லாக வைத்தால் தமிழ் விறைக்கும். வைத்திய அறிக்கையில் ‘குருதி மிகைப்பு’.

பழைய இலக்கணம் மிகுதி காட்டும் உரிச்சொற்களாகச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்ற ஆறைத் தருகிறது. அவை நல்ல மிகுதிக்கும் கெட்ட மிகுதிக்கும் பொதுவானவை. ஆகவே ‘பிளெத்தரா’ என்பதற்கு நேராக நிற்கமாட்டா. ‘மலிதல்’ மட்டும் தனி. மலிதல் என்றால் நிறைதல். அதே வேரிலிருந்து வரும் ‘மலிவு’ விலைக்குறைவு. ஊழல், முறைகேடு போன்றவை வரும் இடத்தில் ‘மலிந்துள்ளன’ என்பது ‘பிளெத்தரா’ தரும் சலிப்பை அப்படியே தரும்.

கேள்வி: அறுகம்பேயில் சிறிய உணவகம் வைத்திருக்கிறோம். வெளிநாட்டவருக்காகப் பலகையில் ‘அ பிளெத்தரா ஒவ் டிஷஸ்’ என்று எழுத நினைக்கிறோம். 40 வகைச் சாப்பாடு இருக்கிறது. சரியா?
(உணவக உரிமையாளர், பொத்துவில்)

எழுதவேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவருக்கு அது ‘தெரிவுசெய்ய முடியாத அளவுக்குச் சாப்பாட்டு வகைகள்’ என்று கேட்கலாம். ‘எல்லாம் நேற்றுச் சமைத்து வைத்ததோ’ என்ற எண்ணமும் கூடவே வரும். ‘அ வைட் றேஞ்ச் ஒவ் டிஷஸ்’ என்பது பாதுகாப்பானது. எண்ணைச் சொல்வது அதைவிட நல்லது: ‘40 டிஷஸ், குக்ட் ஃபிரெஷ் எவ்ரி டே’. 40க்கு மேலே உண்மையாகவே இருந்தால் மட்டும் முன்னால் ‘ஓவர்’ சேருங்கள். மீன் கிடைக்காத நாட்களில் சில வகை இல்லாமல் போகுமென்றால், ‘எவ்ரி டே’ என்பதை எடுத்துவிட்டு ‘40 டிஷஸ், குக்ட் ரு ஓடர்’ என்று எழுதுங்கள். பலகைக்காரர் ‘டிஷஸ்’ என்பதன் கடைசியில் ‘ஈ’, ‘எஸ்’ இரண்டையும் போடுகிறாரா என்று நிறம் பூசுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.